வீட்டு நற்கருணைப் பட்டியல்

பிப்ரவரி 2, ஞாயிறு

நற்கருணை ஆராதனை. கூட்டம் அதிகம். பீடத்துக்கு ஏறும்போது மூன்றாவது படியில் ஒரு சிறு தாமதம். வேறு விசேஷம் இல்லை.

வெள்ளைச் சேலையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன். இடது மணிக்கட்டுக்குத் தைலம்.

பிப்ரவரி 3, திங்கள்

சேலையை மறுபடி ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

எரிவாயு உருளை வந்தது. தொலைபேசியில் மூன்று பேர் நலம் விசாரித்தார்கள். கல்லூரி நூலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்று இருபத்தொரு வருஷம் ஆகிறது. ஒரே வாரத்தில் மூன்று பேர் விசாரித்தது இதுதான் முதல் தடவை. மூவரிடமும் நலம் என்றேன். மூவருமே நம்பாத குரலில் "சரிங்க டீச்சர்" என்றார்கள்.

சேலையை அலமாரியில் அடியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று எங்கள் தூய பர்னபா ஆலயத்தில் முதியோர் ஞாயிறு. எழுபத்தைந்து வயது தாண்டிய இருபத்து மூன்று பேரை முன்னால் அழைத்து வரிசையாக நிறுத்தினார்கள். நிற்க முடியாதவர்களைக் கௌரவிப்பதற்காக நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஒரு வெந்நீர்ப் பை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பரலோகத்தைப் பற்றி ஒரு பாட்டு பாடினார்கள். நேரம் பார்க்கலாம் என்று சுவரை நிமிர்ந்து பார்த்தேன். பெண்டுலக் கடிகாரத்தில் மணி நான்கு பத்து. 1971 முதல் அதில் நான்கு பத்துதான். கீழே "நினைவாக" என்று ஒரு பெயர் எழுதியிருப்பதால் யாரும் அதைக் கழற்றுவதில்லை. எங்கள் கோயிலில் பெயர் எழுதாத பொருள் என்று எதுவும் இல்லை. மின்விசிறிகளின் றெக்கையில் இருக்கும் பெயர்களை மட்டும் மின்தடை நேரத்தில்தான் வாசிக்க முடியும்.

பிறகு சேகரக் கமிட்டிச் செயலர் டைட்டஸ் தனபால் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இவங்க நம்ம சபையோட பொக்கிஷம்" என்றார். பொக்கிஷத்தை மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். அடுத்த வாக்கியத்தில் பூட்டி வைத்துவிட்டார். மார்ச் முதல் இந்த இருபத்து மூன்று பேரும் படியேறி வந்து சிரமப்பட வேண்டாமாம். மாதம் ஒரு முறை குருவானவரே வீட்டுக்கு வந்து நற்கருணை அப்பமும் ரசமும் கொடுப்பாராம்.

பெயர்களை வாசித்தார்கள். ஒரு பட்டியலை அத்தனை மெதுவாக, அத்தனை பயபக்தியோடு அடக்க ஆராதனையில்தான் வாசிப்பார்கள். ஒரே வித்தியாசம், இதற்குச் சபையார் கை தட்டினார்கள்.

ஏழாவது பெயர் என்னுடையது: செல்வி சுகிர்தம் வேதமாணிக்கம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டைட்டஸின் கடைக்குப் போனேன். கல்யாணப் புகைப்படம் எடுப்பவர். நாற்பத்தாறு வயது, நல்ல உழைப்பாளி, மரியாதை தெரிந்தவர். இந்த மரியாதைதான் சிக்கல்.

"உக்காருங்க டீச்சர். ஏசி போடட்டுமா?"

"வேண்டாம். பட்டியல்லேருந்து என் பேர எடுத்துருங்க."

"அது ஒங்களுக்குச் செய்யுத மரியாதைல்லா டீச்சர். வேற எந்தச் சபையில இப்படிச் செய்யுதாங்க, சொல்லுங்க. நீங்க படியேறிக் கஷ்டப்படக் கூடாதுன்னுதானே..."

"படி ஓரமா ஒரு கைப்பிடி வையுங்க. கஷ்டம் தீந்துரும்."

அவர் ஓர் ஆல்பத்தைத் திறந்து காட்டினார். மாப்பிள்ளையும் பெண்ணும் பீடத்துப் படிகளில் நிற்கிறார்கள். மூன்று படிகளும் கண்ணாடிபோல் பளபளக்கின்றன.

"இந்த எடத்துல ஒரு கம்பி நிக்கட்டும், பாக்க ஆசுபத்திரி மாதிரி இருக்கும் டீச்சர்."

"ஓரத்துலதானே வைக்கப் போறோம்."

"ஓரத்துலதான் பூச்சாடி."

இரண்டு வருஷம் முன்பு வரை அந்தப் படிகள் சொரசொரப்பான பழைய கல். டைட்டஸ் தம் அப்பா நினைவாகக் கருப்புக் கிரானைட் போட்டுக் கொடுத்தார். கீழ்ப்படியில் "மறைந்த திரு. அ. தனபால் அவர்களின் நினைவாக" என்று பொறித்திருக்கிறது. தனபால் தங்கமான மனிதர். உயிரோடு இருந்தவரை அவரால் யாரும் வழுக்கி விழுந்ததில்லை.

கிளம்பும்போது டைட்டஸ் பிப்ரவரி இரண்டாம் தேதியைப் பற்றி ஏதோ சொன்னார். கடைக்குள் ஒரே இரைச்சல்.

மார்ச் 1, சனி

காலை பத்தரைக்குக் குருவானவர் கிங்ஸ்லி வந்தார். முப்பத்து நான்கு வயது. கையில் ஒரு சிறு தோல் பெட்டி. அதற்குள் பொம்மை வீட்டுச் சாமான் அளவில் கோப்பையும் தட்டும். எனக்கு முன் நான்கு வீடு முடித்திருந்தார். வேர்த்து வழிந்தது. மோர் கொடுத்தேன்.

அவர் ஜெபபுத்தகத்தைத் திறந்ததும், எந்த ஆராதனை முறைமை என்று கேட்டேன்.

"நோயாளிகளுக்கான முறைமை டீச்சர்."

"எனக்கு என்ன நோவு ஐயா?"

கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வயசு" என்றார்.

"அதுக்குத் தனியா ஒரு முறைமை போட்டிருக்காங்களா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப மூடி வையுங்க. என்னைப் படுக்கையில கெடக்கவன்னு நெனச்சு ஜெபிச்சா, ஆண்டவர் கட்டில்ல தேடுவாரு. நான் அடுப்படியில இருப்பேன்."

சிரித்துவிட்டார். உடனே சிரித்ததற்காக வருந்தினார். கமிட்டி தீர்மானம் என்றார். தம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் இட்லி சாப்பிட்டேன். நற்கருணைக்கு முன் சாப்பிட்டுப் பழக்கமில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். இருபத்து மூன்று பேரில் ஐந்து பேர்தான் வந்திருந்தோம். மற்றவர்களுக்கு நற்கருணைதான் வீட்டுக்கு வந்துவிட்டதே, கோயிலுக்கும் சேர்த்து விடுமுறை என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். அழைத்து வர ஆள் வேண்டுமே. என் பக்கத்து இடம் காலி. நாற்பது வருஷமாக அங்கே ஞானப்பூ உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள், எண்பத்து மூன்று வயது. அந்த இடத்தில் இன்று ஒரு கித்தார் பெட்டி.

நற்கருணைக்கு எழுந்தபோது வாலண்டியர் பெண் ஓடி வந்தாள். "ஆச்சி, ஒங்களுக்கு வீட்டுலல்லா குடுப்பாங்க!"

ஆலயத்தில் வாக்குவாதம் செய்வது அழகல்ல என்பதால் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரே காரணத்தால்தான். படிகளை நன்றாகத் துடைத்திருந்தார்கள். என் இடத்திலிருந்தே அதில் மின்விளக்குகள் தெரிந்தன.

மார்ச் 6, வியாழன்

ஞானப்பூவைப் பார்க்கப் போனேன். மதியம் மூன்று மணிக்கு நைட்டியோடு, தலைகூட வாராமல் உட்கார்ந்திருந்தாள். அவசர நேரத்திலும் தொப்பி கோணாமல் வார்டில் நடந்தவள்.

"ஏழு நிமிசம்ட்டி" என்றாள். "ஐயா வந்து, ஜெபம் பண்ணி, குடுத்து, பொட்டிய மூடி எந்திரிக்க ஏழு நிமிசம். இன்னும் பதினஞ்சு வீடு இருக்குன்னாரு. பாவம் அவரும் என்ன செய்வாரு."

"நீ ஞாயித்துக்கெழம வந்திருக்கலாம்லா."

"மருமவ, அதான் வீட்டுக்கே வந்து குடுத்துட்டாங்களே அத்தைங்கா. அவ சொல்லுததும் நியாயந்தான. வாரத்துல ஒரு நாளு சேலைய மாத்தி, பூவ வச்சி, நாலு பேரு மொகத்தப் பாக்க ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப கோயிலே வீட்டுக்கு வந்துட்டு. நான் எங்க போவ?"

என் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு, "ஏட்டி சுகிர்தம், அன்னைக்கு நீ விழுந்தியே, கையி இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

வெயில் அதிகம் என்று சொன்னேன்.

"அந்த ஒரு நாளத்தான சாக்கா வச்சி எல்லாரையும்..." என்று தொடங்கினாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் எழுந்துவிட்டேன். அவள் வீட்டிலிருந்து என் வீடு நான்காவது தெரு.

மார்ச் 12, புதன்

தாசையா அண்ணாச்சி குழாய் பழுது பார்க்க வந்தார். நூற்பாலையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டர். எண்பத்தொரு வயதிலும் ஸ்பேனர் இல்லாமல் வெளியே போவதில்லை. பட்டியலில் பதினாறாவது பெயர்.

படிகளைப் பற்றிக் கேட்டேன். விரலால் காற்றில் அளந்தார்.

"ஒரு பைப்பு, ரெண்டு காலு, நாலு போல்ட்டு. ஒரு மணி நேர வேல. இதுக்குப் போயி எதுக்கும்மா பட்டியலு?"

"பாதுகாப்புக்காம்."

"மில்லுல ஒரு மிசினு ஒருத்தன் கைய நசுக்கிட்டுன்னா, மிசினுக்குத்தான் வேலி போடுவோம். ஒலகத்துல கை வச்சிருக்கவன எல்லாம் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்."

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். என் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. அதற்காகவே இன்னொரு காப்பி கொடுத்தேன்.

சாயங்காலம் கமிட்டிக்கு விண்ணப்பம் எழுதினேன். ஒரே ஒரு கைப்பிடி. பொருள் எங்களுடையது, உழைப்பும் எங்களுடையது. அரைப் பக்கம்.

மார்ச் 19, புதன்

பதில் வந்தது. இரண்டு பக்கம். முதல் ஒன்றரைப் பக்கம் முதியோரின் அருமை. அவர்கள் ஆலமரம், அவர்கள் கலங்கரை விளக்கம், அவர்கள் அஸ்திவாரம். மூன்றுமே இருக்கும் இடத்தைவிட்டு நகராதவை என்பதைக் கவனித்தேன். கடைசி வரியில் கைப்பிடி கோரிக்கை "ஆலயத்தின் அழகைக் கருத்தில் கொண்டு" துணைக்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. துணைக்குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

மார்ச் 22, சனி

பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர் இன்று கோயிலுக்குத் திரும்பி வந்தார். ஒன்பதாவது பெயர், ஓய்வுபெற்ற தபால்காரர் கோயில்பிள்ளை. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். படிகளுக்கு முன்னால் பெட்டியை வைத்தார்கள். முழுச் சபையும் எழுந்து நின்றது. மூன்று ஞாயிறு அவர் வரவில்லை என்பதைக் கவனிக்காத பாடகர் குழு அவருக்குப் பிடித்த பாமாலையை நான்கு சரணமும் பாடியது.

டைட்டஸ் உண்மையிலேயே அழுதார். அதையும் எழுதிவிட வேண்டும்.

வெளியே வரும்போது ஞானப்பூ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டுச் சேலை, தலையில் பூ. "நமக்கு இனிமே கோயிலுக்கு வரணும்னா இதான் வழி போலுக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் இரும்புப் பெட்டியைத் திறந்தேன்.

மார்ச் 24, திங்கள்

பதினைந்து வருஷம் முன்பு நூற்றாண்டு மலருக்காகச் சபையின் பழைய தீர்மானப் புத்தகங்களை எல்லாம் நான்தான் வரிசைப்படுத்தினேன். யாரும் வாசிக்காததை ஒழுங்காக அடுக்கி வைப்பது நூலகருக்குத் தொழில். குறிப்பேடு இன்னும் அந்த இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

ஒரு குடும்பம் தாத்தா நினைவாக ஒரு பெஞ்சு கொடுத்திருந்தது. அதை ஜன்னல் ஓரத்திலிருந்து யாரோ தூணுக்குப் பின்னால் நகர்த்திவிட்டார்கள். அந்தக் குடும்பம் பதினோரு வருஷம் கோயிலுக்கு வரவில்லை. கடைசியில் 1963, ஜூலை 14-இல் சமாதானத் தீர்மானம்: "நினைவாகப் பெயர் பொறித்து ஆலயத்துக்குள் வைக்கப்பட்ட எப்பொருளையும், சபைப் பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதியாமல் அகற்றவோ, நகர்த்தவோ, மறைக்கவோ கூடாது."

இந்தத் தீர்மானம் இன்றுவரை ரத்தாகவில்லை. நான்கு பத்துக் கடிகாரமே சாட்சி.

வைப்பதற்கு யார் அனுமதி வேண்டும் என்று தீர்மானம் சொல்லவில்லை.

தாசையா அண்ணாச்சிக்குத் தொலைபேசி செய்தேன்.

மார்ச் 28, வெள்ளி

கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே பெயர் பொறிக்கும் கடை. ஞானப்பூவும் வந்தாள். கடைக்காரர் காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

"எறந்தவுக பேரு?"

"யாரும் எறக்கல" என்றேன்.

"நினைவாகன்னு எழுதச் சொன்னிய?"

"ஆமா."

பென்சிலை எடுத்து மறுபடி காதில் வைத்தார். "சரி. பொறந்த தேதி, எறந்த தேதி?"

"எறந்த தேதி இல்ல."

"எடம் விட்டு வைக்கட்டுமா?"

ஞானப்பூ சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார். மார்ச் ஒன்றுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"எடம் விடாதீங்க" என்றேன். "எண்ணிக்கை மட்டும் போடுங்க."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்துவிட்டு, "முப்பது வருசமா எழுதுதேன், இப்படி ஒண்ணு வந்ததில்ல" என்றார்.

ஏப்ரல் 5, சனி

மதியம் மூன்று மணி. கோயிலில் டிரம்ஸ் பயிற்சி. ஆலயத்துக்குள் டிரில்லிங் மிஷின் ஓட்டினால் யார் காதிலும் விழாத ஒரே நேரம் இதுதான். நவீன இசையைப் பற்றி நான் முன்பு சொன்னவற்றைத் திரும்பப் பெறுகிறேன்.

தாசையா அண்ணாச்சி, அவருக்குக் கைகொடுக்கப் பட்டியலில் இருந்து இன்னும் இரண்டு பேர். மூவர் வயதையும் கூட்டினால் இருநூற்று முப்பத்தொன்பது. கிரானைட்டைத் தொடவில்லை. படிகளின் பக்கச் சுவரில் நான்கு போல்ட். துருப்பிடிக்காத குழாய், உள்ளங்கைக்கு அளவான பருமன். ஆலயப் பணியாளர் பால்துரை பக்கத்திலேயே நின்றார், ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி என்ன பால்துரை?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நாலு பத்து அண்ணாச்சி. நான் வேற எதையும் பாக்கல."

நாற்பத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அண்ணாச்சி முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். "இனி கோயிலு விழுந்தாத்தான் இது விழும்."

என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை எட்டேகாலுக்கு டைட்டஸ் பூச்சாடியோடு வந்து நின்றார். பூச்சாடி வைக்கும் இடத்தில் கம்பி.

"யாரு வச்சது இத?"

முன் பெஞ்சில் தாசையா அண்ணாச்சி. "பேரு போட்டிருக்குல்லா. வாசிங்க."

டைட்டஸ் குனிந்தார். கம்பியில் பதித்திருந்த பெயர்ப் பலகையைச் சத்தமாகவே வாசித்தார்:

"தூய பர்னபா ஆலயத்தின் வீட்டு நற்கருணைப் பட்டியலில் உள்ளவர்களும், இன்னும் உயிரோடிருப்பவர்களுமான இருபத்திரண்டு பேரின் நினைவாக."

நிமிர்ந்தார். "இது என்ன கூத்து? இவங்கள்லாம் உயிரோடல்லா இருக்காங்க!"

"அதத்தான் நாங்களும் ரெண்டு மாசமாச் சொல்லுதோம்" என்றார் அண்ணாச்சி.

குருவானவர் அங்கியோடு வந்தார். நான் 1963 தீர்மானத்தின் பிரதியைக் கொடுத்தேன். வாசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இருபது பேர் வந்திருந்தோம். ஒருவர் மகனோடு பெங்களூரில். ரெஜினாள் அக்கா நிஜமாகவே படுக்கையில் இருக்கிறாள். அவளுக்கு வீட்டு நற்கருணை வேண்டும். ஏழு நிமிடம் அவளுக்குப் போதாது என்பதைக் குருவானவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

"இத எடுக்கணும்னா பொதுக்கூட்டம் கூடணும் டைட்டஸ்" என்றார். "அதுவரைக்கும் இருக்கட்டும்."

"ஐயா, நான் இவங்க நல்லதுக்குத்தான்..."

"தெரியும்" என்றேன் நான். "நல்லதுக்குத்தான்னு தெரிஞ்சதாலதான் இவ்வளவு நாளு பொறுத்தோம்."

நற்கருணைக்கு அழைத்தார்கள். வாலண்டியர் பெண் எங்களை நோக்கி இரண்டடி வைத்தாள். இருபது பேரும் ஒன்றாக எழுவதைப் பார்த்துவிட்டு, ஜெபிப்பதுபோல் முக்காடு போட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். நான்தான் முதலில் போக வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தார்கள். யார் தீர்மானித்தது என்று கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

படியின் முன்னால் நின்றேன். கருப்புக் கல்லில் மின்விளக்குகள். என் முகமும் தெரிந்தது, கொஞ்சம் கலங்கலாக. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்தக் கடிகாரமும் உதவவில்லை.

"ஏட்டி, போ" என்று முதுகுக்குப் பின்னால் ஞானப்பூ. "பொறத்தால நான்தான் நிக்கேன். விழுந்தா எம்மேலதான் விழுவ, மெத்துன்னு இருக்கும்."

கையை வைத்தேன். குழாய் குளிர்ந்திருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

முழங்காலிட்டேன். குருவானவர் கோப்பையோடு என்னிடம் வந்தபோது அதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவருக்கும் பயம்தான். நானும் இரண்டு கைகளாலும் பிடித்தேன். நான்கு கைகளுக்கு நடுவே ஒரு துளியும் சிந்தவில்லை.

இறங்கித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வரிசைக்குப் பின்னால் சபை வந்துகொண்டிருந்தது. அதில் டைட்டஸின் அம்மா. எழுபத்து நான்கு வயது, அடுத்த மாதம் எழுபத்தைந்து. மகனுடைய முகத்தைப் பார்த்தபடியே கைப்பிடியைப் பிடித்தாள். புருஷனின் பெயரைத் தாண்டி முதல் படியில் காலை வைத்தாள். "அப்பாடா" என்றாள், கடைசிப் பெஞ்சு வரை கேட்கும்படி.

ஆராதனை முடிவில் அறிவிப்பு: கைப்பிடி குறித்து முடிவெடுக்க மே 11-இல் சபைப் பொதுக்கூட்டம். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எங்கள் தரப்பில் எல்லாரும் வருவோம். சீக்கிரமே வந்து முன் பெஞ்சுகளில் உட்காருவோம். எங்களுக்கு வேறு வேலை இல்லை என்று அவர்கள்தானே சொல்கிறார்கள்.

வெள்ளைச் சேலையை அலமாரியிலிருந்து எடுத்தேன். கறை போகவில்லை. மே 11-க்கு அதைத்தான் கட்டப் போகிறேன்.

பிழை திருத்தம்: இந்த நோட்டில் பிப்ரவரி 2-ஆம் தேதி "மூன்றாவது படியில் ஒரு சிறு தாமதம்" என்று எழுதியிருக்கிறேன். அன்று நான் வழுக்கி விழுந்தேன். குருவானவரின் அங்கியைப் பிடித்து இழுத்தேன். அவர் கையிலிருந்த திராட்சரசக் கோப்பை அவர்மேலும் என்மேலும் கவிழ்ந்தது. ஊருக்கே தெரியும். இந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. நான் விழுந்ததற்காக இருபத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் உயிரோடு திரும்பி வரவில்லை.

எனக்கு வயது எழுபத்தொன்பது. படி வழுக்கும். இரண்டும் உண்மை. இரண்டில் ஒன்றுக்குத்தான் மருந்து உண்டு. அதைப் போல்ட் போட்டு முறுக்கியாகிவிட்டது.